தோலில் வெட்டிய வட்டங்கள்

கணியம்பாடி
1918 ஜூலை 8

மரியம்மாளின் தகப்பனாருக்கு அன்னம்மாள் எழுதுவது.

நானும் சுந்தரியும் சுகம். நீங்களும் மரியம்மாளும் சுகமென்று தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்கார அந்தோணி சொன்னார். தை மாதம் நான் ஆம்பூரை விட்டு இந்த மிஷன் பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்த பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. சண்டையைத் தொடரவும் எழுதவில்லை, முடிக்கவும் எழுதவில்லை. பாட விஷயமாக எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்துகிறேன். 'இரண்டு கால் அரை, இரண்டு அரைக்கால் ஒரு கால்' என்று பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கிளி மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்து முடித்ததும், 'அரை பெரிதா, இரண்டு கால் பெரிதா?' என்று கேட்டால் வகுப்பு முழுவதும், 'இரண்டு கால்' என்கிறது. ஒன்றைவிட இரண்டு பெரிதாயிற்றே! கண்ணால் பார்த்துக் கையால் அடுக்கினால் ஒழிய இது புரியாது. காகிதத்தை வெட்டிக் காட்டலாம் என்றால் யுத்தத்தில் காகிதம் விற்கிற விலைக்கு பள்ளியை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சம்மதிக்க மாட்டார்கள். பனையோலை சுருண்டுகொள்கிறது. களிமண் வெடிக்கிறது. ஒரு நாள் தோசை சுட்டு எடுத்துப் போனேன். பாடம் பாதியில் இருக்கும்போதே கால் பங்கு யார் வயிற்றுக்குள்ளோ போய்விட்டது.

நீங்கள் வேலை பார்க்கும் தோல் டேனரியில் கழித்துப் போடும் ஆட்டுத் தோல் துண்டுகள் இருந்தால், ஒரே அளவான நாலு வட்டங்கள் வெட்டி அந்தோணியிடம் கொடுத்தனுப்புங்கள். ஒன்று முழுசாக இருக்கட்டும். ஒன்றை இரண்டாகவும், ஒன்றை நாலாகவும், ஒன்றை எட்டாகவும் வெட்டவேண்டும்.

மரியம்மாள் பள்ளிக்கூடம் போகிறாளா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இதை சர்தார் பாஷா பாய்தான் உங்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று தெரியும். ஆகையால் வேறொன்றும் எழுதவில்லை.

அன்னம்மாள்


ஆம்பூர்
1918 ஜூலை 17

சுந்தரி அம்மாவுக்கு, சாமுவேல் சொல்லச் சொல்ல டேனரி கிளார்க்கு சர்தார் பாய் எழுதுறது.

நீ வேறொன்றும் எழுதலன்னு எழுதியிருந்தியே, அத பாய் ரெண்டு தடவ படிச்சார். படிச்சிட்டு, "சாமுவேலு, நான் இன்னா ஊர் பூரா தமுக்கடிக்கிற ஆளா?"ன்னு கேட்டார். நான் இன்னா சொல்றது? டீச்சரம்மா அப்படித்தான் பாய், மனசுல வச்சிக்காதீங்கன்னேன். நான் சொல்றத சொல்ற மாதிரியே எழுதணும், அழகு பண்ணக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். அழகு பண்ணா அது நான் பேசுற மாதிரி இருக்காது.

தோல் அனுப்புறேன். கழிச்சுப் போட்ட துண்டு இல்ல, நல்ல தோல். அது ஒரு கதை. போன மாசம் ஏலகிரி மலையிலேர்ந்து ஒரு மந்தைத் தோல் வந்துச்சு. மலை ஆடு இல்லியா, பாறையில ஒரசி ஒரசி தோலெல்லாம் கீறலா இருக்கும். அதுல ஒண்ணே ஒண்ணு, ஒரு கீறல் இல்ல, வெண்ண மாதிரி. அந்த ஆடு பாறைப் பக்கமே போவாம வீட்டு வாசல்லயே படுத்துக் கெடந்திருக்கும்னு நான் சொன்னேன். சர்தார் பாய் இல்ல, அது மேய்க்கிறவன் வீட்டுச் செல்ல ஆடுன்னார். இத வச்சி ஒரு மத்தியானம் பூரா பேசினோம். இப்ப வெள்ளக்கார கோரா பட்டாளத்து பூட்சுக்குன்னு வேல ஜாஸ்தி, மூச்சு விட நேரமில்ல. அதுலயும் பேசினோம். அந்தத் தோல முதலாளிகிட்ட கேட்டு வாங்கினேன். எதுக்குன்னார். ஸ்கூலுக்குன்னேன். சிரிச்சிட்டுக் குடுத்தார்.

வட்டத்துக்கு நம்ம கல்யாணத்துல உங்க மாமா குடுத்த பித்தளைத் தட்டக் கவுத்துப் போட்டேன். நடு எதுன்னு எனக்குத் தெரியல. மரியம்மா நூல மடிச்சு மடிச்சு வச்சு நடு கண்டுபுடிச்சா. பாதி நான் வெட்டினேன். காலும் அரைக்காலும் அவதான் வெட்டினா. கால்ல ஒண்ணு கோணல். "அப்பா, இது கோணலாப் போயிடுச்சு, அம்மா திட்டும்"னா. திட்டட்டும், திட்டி எவ்ளோ நாளாச்சுன்னேன்.

ஸ்கூல் போறா. காலையில கஞ்சி வச்சிட்டுப் போறா. சில நாள் போறதில்ல. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீ சொல்லித் தர்ற, உன் பெரிய பொண்ணு எங்கிட்ட அடுப்பூதுறா. இத நான் சண்டைக்குச் சொல்லல. வாயில வந்துச்சு, பாய் எழுதிட்டார்.

கோணல் துண்ட சுந்தரிக்குன்னே குடுக்கணுமாம். மரியம்மா சொல்லச் சொன்னா.

சாமுவேல்


கணியம்பாடி
1918 ஆகஸ்டு 9

மரியம்மாளின் அப்பாவுக்கு,

வட்டங்கள் வந்து சேர்ந்தன. நன்றி. சர்தார் பாயிடம் நான் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்லுங்கள்.

ஊர்த் தெருவிலிருந்து வரும் நாலு பிள்ளைகள் முதல் நாள் தோலைத் தொடமாட்டோம் என்று பலப்பக் குச்சியால் தள்ளித் தள்ளி அடுக்கினார்கள். அடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கால் துண்டுகள் இரண்டும் அரை வட்டத்தின் மேல் பிசகாமல் பொருந்தி உட்கார்ந்ததும், அதில் ஒருத்தி தன்னை மறந்து கையாலேயே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "டீச்சர், பூனைக்குட்டி மாதிரி இருக்குது" என்றாள். அன்றோடு குச்சி போயிற்று.

ஒரு வாரத்தில் வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது. அரையின் மேல் இரண்டு காலை வைக்கிறார்கள், நாலு அரைக்காலை வைக்கிறார்கள். "பேரு வேற, அளவு ஒண்ணு!" என்று கூரை பறக்கக் கத்துகிறார்கள். புரிந்துகொள்ளாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் மகள்.

"எது பெருசு?" என்றேன்.

"அரைதான் டீச்சர்." வகுப்பில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"ரெண்டு காலையும் மேல வச்சுப் பாரு."

வைத்தாள். "சரியா இருக்குது."

"அப்போ?"

"அப்பவும் அரைதான் பெருசு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நடத்தும் பாடம் என் பிள்ளைக்கே ஏறவில்லை என்று டிசம்பரில் வரப்போகிற இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனால் என் நிலைமை என்ன? அவளை முழங்கால் போட வைத்தேன். முழங்கால் போட்டுக்கொண்டும் அந்தக் கோணல் துண்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் இரண்டு கால் பெரிது என்றாவது சொன்னார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. அரை பெரிது என்று எந்தப் பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அந்தப் பிடிவாதம் எந்த வீட்டுச் சொத்து என்று உங்களுக்கே தெரியும்.

அன்னம்மாள்


ஆம்பூர்
1918 ஆகஸ்டு 20

சுந்தரி அம்மாவுக்கு, சாமுவேல் சொல்லி எழுதுறது.

உன் கடுதாசிய பாய் படிச்சப்போ எனக்கு ஒண்ணும் வெளங்கல. பாய்க்கும் வெளங்கல. "ரெண்டு கால் ரூபா அரை ரூபாதானே, புள்ள ஏன் இப்படிச் சொல்லுது"ன்னு அவர் கணக்கு போட்டுப் பாத்தார். அடுப்பாண்ட இருந்த மரியம்மா ஊதுகுழலக் கீழ போட்டுட்டு ஓடியாந்தா. "வெட்டுப்பா! தோல்ல வெட்டு இருக்குதுன்னு சொல்றாப்பா!"ன்னா.

அப்பத்தான் எனக்கு ஏறுச்சு. உனக்கு ஞாபகம் இருக்குதா, சுந்தரி சின்னப் புள்ளையா இருக்கும்போது எனக்குச் சோறு எடுத்தாந்து அந்த ஆவாரம்பட்டை குமி மேல உக்காந்துக்குவா. கீழ நம்ம ரஃபி அகமது தோல் தரம் பிரிப்பார். ஒவ்வொரு தோலா வெளிச்சத்துல தூக்கிப் புடிப்பார். நல்லதுன்னா வலப் பக்கம். கத்தி பட்ட தோல்னா, "வெட்டு! கீழ போடு!"ன்னு கத்துவார். எவ்ளோ பெரிய தோலா இருந்தாலும் சரிதான், வெட்டுன்னா கம்மிதான். இவ பட்டை மேல உக்காந்துகினு அவருக்கு முந்தி, "வெட்டு! கீழ போடு!"ன்னு கத்துவா. ரஃபி அகமது, "இந்தா சின்ன மேஸ்திரி வந்துட்டா, எனக்குப் பொழப்பு போச்சு"ம்பார். ஒரு நாள் என் கத்தி பட்ட தோலையே கண்டுபுடிச்சுக் கத்திட்டா. அன்னிக்கு எனக்கு ஏச்சு. வீட்டுக்கு வந்து கோச்சிக்கலாம்னா, அவ தூங்கிட்டா.

அவளுக்கு ஒரு வாட்டி வெட்டினா பாதி, ரெண்டு வாட்டி வெட்டினா இன்னும் கம்மி. அவ்ளோதான். புள்ளைய முழங்கால் போட வைக்காத. ஸ்கூல்ல அம்மா சொல்றதையே சொல்லு கண்ணுன்னு நான் சொன்னதாச் சொல்லு.

இன்னொண்ணும் சொல்லணும். பாய், இதையும் எழுதுங்க. நீ கெளம்பற அன்னிக்கு, "உங்க மேல அடிக்கிற நாத்தத்துல என்னால சோறு துன்ன முடியல"ன்னு சொன்ன. சுண்ணாம்புக் குழியில நின்னு ஊறுன தோல சீவுறவன் மேல மல்லிப்பூவா மணக்கும்? நான் தெனம் சீக்காய் போட்டுத் தேக்கிறேன். நீ போன பின்னாடியும் தேக்கிறேன். யாருக்குன்னு மரியம்மா கேக்குறா.

கிறிஸ்மசுக்கு வந்துடு. வந்து திரும்பிப் போவாத. சுந்தரி ராத்திரியில அக்கா சடையப் புடிச்சிக்கினுதானே தூங்குவா? இப்ப எதப் புடிச்சிக்கினு தூங்குறான்னு மரியம்மா கேக்கச் சொன்னா.

சாமுவேல்


கணியம்பாடி
1918 செப்டம்பர் 12

மரியம்மாள் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் சுந்தரியைக் கூப்பிட்டு, "வெட்டுத் தோலுன்னுதான் அப்படிச் சொன்னியா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அழுதாள். "அக்கா சொல்லுச்சா?" என்றாள். எனக்குத் தெரியாதது அவள் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. நானும் பத்து வருஷம் அந்த டேனரிக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். ஒரு நாளும் ரஃபி அகமது கத்துவது என் காதில் விழுந்ததில்லை.

பிறகு நிதானமாக எடுத்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தோலுக்கு விலை இல்லை, அளவு மட்டும்தான். எத்தனை துண்டாக வெட்டினாலும் சேர்த்து வைத்தால் அதே இடத்தை அடைக்கும். ஆகையால் சமம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எதுக்கும்மா வெட்டணும்?" என்றாள்.  தூங்கப் போ என்றேன்.

அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள் என்று மரியம்மாளிடம் சொல்லுங்கள்.

நாற்றம் என்று நான் சொன்னது தப்பு. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் சொன்னதையும் நினைத்துப் பாருங்கள். இங்கே பள்ளிக்கூடத்துக் காவல்காரர் வேலையும் தங்க ஓர் அறையும் மிஸ்ஸியம்மா தருவதாகச் சொன்னதற்கு, "பொண்டாட்டி ஸ்கூலுக்கு நான் கேட்டுக் கதவ தொறந்து வுடணுமா?" என்றீர்கள். பிறகு, "ரெண்டு பிள்ளை இருக்குது, ஆளுக்குப் பாதி, எடுத்துக்கினு போ" என்றீர்கள். பாதி என்று முதலில் சொன்னது யார்? எனக்குப் பாதி என்று சின்னவளைக் கொண்டுவந்தேன். பெரியவள் வாசலில் நின்று கையாட்டினாள். அழவில்லை. அழாமல் இருந்தாள் பாருங்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

காவல்காரர் வேலைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை. கிறிஸ்துமசுக்கு நான் வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

வேலூர்ப் பக்கம் ஏதோ விஷக் காய்ச்சல் பரவுகிறதாம். மரியம்மாளை வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

அன்னம்மாள்


கணியம்பாடி
1918 அக்டோபர் 16

மரியம்மாள் அப்பாவுக்கு,

இன்று எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. அந்தோணி வரும்வரை காத்திருக்காமல் தபாலில் போடுகிறேன்.

காய்ச்சலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை மூடியிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் சுகம். நேற்று சுந்தரி மூலையில் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், கால் துண்டுகள் இரண்டை வைத்து என் ஊசியாலும் கறுப்பு நூலாலும் தைத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் குத்து.

"என்னடி பண்றே?"

"வெட்டு இல்லாமப் பண்றேன். இப்ப இது அரை."

தைத்து முடித்ததை அரை வட்டத்தின் மேல் வைத்தாள். பொருந்தவில்லை. தையலுக்குள் விளிம்பு மடிந்து போனதால் ஒரு நூல் அகலம் குறைந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தச்சா கொஞ்சம் சின்னதாப் போயிடுது. பரவால்ல, ஒண்ணா இருக்குது" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். சோறு குழைந்துவிட்டது.

நான் வருகிறேன். இன்ஸ்பெக்டர் வந்து போனதும் மிஸ்ஸியம்மாவிடம் சொல்லிவிட்டு, கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே சாமான்களோடு வந்துவிடுகிறேன். ஆம்பூரில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டுக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிறேன். முன்னே இருந்த மாதிரி இருக்காது என்று தெரியும். நானும் பேசிவிட்டேன், நீங்களும் பேசிவிட்டீர்கள். கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மரியம்மாளிடம் இப்போதே சொல்லாதீர்கள். நான் வாசலில் வந்து நின்று அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அவளுக்கு ஒரு பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். நீலம். வளர்ந்திருப்பாள் என்று ஒரு முழம் கூடவே எடுத்தேன்.

உங்கள் அன்னம்மாள்


ஆம்பூர்
1918 அக்டோபர் 16

சுந்தரி அம்மாவுக்கு, சாமுவேல் சொல்லி எழுதுறது.

இங்க மழை. போன வாரத்துலேர்ந்து விடல. அந்தோணியோட எடது பக்கத்து மாடு இருக்குதே, வெள்ளை, கொம்பு மொடங்கினது, அது பாலாத்தாண்ட சேத்துல மாட்டிக்கிச்சு. பட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. நனைஞ்ச பட்டைய இடிச்சா சாறு எறங்காது, அது ஒரு பேஜார். அந்த மாட்ட அந்தோணி காவேரிப்பாக்கம் சந்தையில வாங்கினான். வாங்கும்போதே நான் சொன்னேன், கொம்பு மொடங்கின மாடு சேத்துக்குப் பயப்படும்னு. கேக்கல. அது கன்னுக்குட்டியா இருக்கும்போது ஏரியில விழுந்த மாடாம். ஏரி மாட்டுக்குத் தண்ணியப் பாத்தாலே காலு நடுங்கும். சேத்துலேர்ந்து தூக்க எட்டுப் பேர் வேணும். ஆளு எங்க இருக்குது? டேனரியில பாதிப் பேர் படுத்துட்டாங்க. குழியில தோல் அப்படியே ஊறுது. சீவ ஆளில்ல. அந்த மாடு

அன்னம்மா தங்கச்சிக்கு, சர்தார் பாஷா எழுதறேன். இது அவர் சொல்றது இல்ல, என் சொந்த எழுத்து. சாமுவேல் அரை மணி நேரமா மாட்டையே சொல்லிகினு இருக்கார். நான் பேனாவ நிறுத்திட்டேன். அவர் நிறுத்தல. இன்னும் சொல்லிகினேதான் இருக்கார்.

மரியம்மா போய்ட்டாம்மா. நேத்து காலையில. விஷ ஜுரம். மூணே நாள். உனக்குச் சொல்லி அனுப்ப ஆள் தேடினோம், தபாலாபீஸ் மூடிக் கெடந்துச்சு. என் வீட்டுல ஹலீமா பீதான் கூட இருந்து பாத்துகினா. தெருவுல தெனம் நாலு அஞ்சு போவுதுன்னு வச்சிருக்க விடல. நேத்தே கோயில் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணிட்டாங்க. உங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன், உனக்காக நிறுத்தி வைக்க முடியல. இந்தக் கடுதாசிய எங்க ஆளு ஒருத்தன் ரயில்ல எடுத்துகினு வர்றான். அவன் கூடவே கெளம்பி வா.

இப்ப சாமுவேல் எழுதுங்க பாய்ன்றார். எழுதறேன்.

அன்னம்மா, அவளுக்கு முந்தாநாள் ராத்திரி கஞ்சி வச்சேன். அரை டம்ளர் குடிம்மான்னேன். "அரை வேணாம்பா, ரெண்டு கால் குடு"ன்னா. சிரிச்சா. எதுக்குடின்னேன். "அரைன்னா ஒரே தடவையில குடுத்துட்டு எழுந்து போயிடுவ. ரெண்டு கால்னா ரெண்டு தடவ குடுப்ப இல்ல"ன்னா. ஒரு கால் குடிச்சா. இன்னொரு கால் டம்ளர்லயே இருக்குது. ஹலீமா பீ கழுவுறேன்னாங்க. வேணாம்னேன்.


கணியம்பாடி
1918 டிசம்பர் 13

மரியம்மாள் அப்பாவுக்கு,

அப்படித்தான் எழுதுவேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது.

ஆம்பூரை விட்டுத் திரும்பி வந்து இத்தனை நாளும் உங்களுக்கு எழுதவில்லை. நான் அங்கே இருந்த அந்த நாட்களில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவுமில்லை. அக்டோபரில் நான் எழுதின கடிதம் நான் வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே வந்தது. என் கடிதம் என் கையிலேயே கிடைத்தது. அதை நான் அடுப்பில் போட்டதை நீங்கள் பார்த்தீர்கள். என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களோடு இருக்க வருகிறேன் என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் ஊதின அடுப்பை என்னால் ஊத முடியாது. அதனால்தான் சொல்லாமல் கிளம்பினேன். உங்கள் மேல் கோபமில்லை.

அடக்கம் பண்ணின இடத்தில் சுந்தரி மண்ணைத் தோண்டி ஏதோ வைத்தாள் அல்லவா? அது ஒரு கால் துண்டு. நேரானதைத்தான் வைத்தாள். கோணல் துண்டு அவளிடமே இருக்கிறது. தைத்த இரண்டும், அந்தக் கோணலும் மிச்சம். அதை வைத்துத்தான் வகுப்பு நடத்தினேன். "டீச்சர், ஒண்ணு காணோம்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இருப்பதை அடுக்குங்கள், முக்கால் என்றால் என்னவென்று இன்றைக்குப் படிக்கலாம் என்றேன். முக்காலின் மேல் அரைக்கால் துண்டுகளை அடுக்கினார்கள். ஆறு வந்தது. நாலில் மூன்றும் எட்டில் ஆறும் சமம் என்று கரும்பலகையில் எழுதினேன். எத்தனை துண்டாக்கினாலும் அது முழுசாகிறதில்லை என்று ஒரு பிள்ளை சொல்லிற்று. சரியாகச் சொன்னாய் என்று உட்கார வைத்தேன்.

முந்தாநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். மேஜை மேல் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "கால் வட்டம் ஒன்று எங்கே?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சுந்தரி எழுந்து, "அக்காகிட்ட இருக்குது சார்" என்றாள். அவர் அவளையே கேட்டார்: "அரை பெரிதா, இரண்டு கால் பெரிதா?"

"சமம் சார்" என்றாள். சட்டென்று சொன்னாள். யோசிக்கவேயில்லை. துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்தார். சர்க்கார் கிராண்டுப் பணத்துக்குச் சிபாரிசு எழுதிவிட்டுப் போனார். மிஸ்ஸியம்மாவுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் தாங்கவில்லை. அரைதான் பெருசு என்று முழங்கால் போட்டுக்கொண்டும் சொன்ன பிள்ளை எங்கே போனாள்? சாப்பிடுகிறாயா என்றால் சரி என்கிறாள். வேண்டாமா என்றால் சரி என்கிறாள். அவளுக்கு இப்போது எல்லாமே சமமாகத்தான் இருக்கிறது.

ஒன்று சொல்லவேண்டும். சர்தார் பாய் படிப்பார் என்றாலும் சொல்கிறேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் தூங்குவதில்லை. தோல் துண்டுகளை மூக்கில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். "அப்பா வாசனை வருது, அக்கா வாசனை வருது" என்கிறாள். அவள் தூங்கின பிறகு நானும் எடுத்து வைத்துப் பார்க்கிறேன். பட்டையும் சுண்ணாம்பும் கலந்த அதே வாசனை. எதை நான் நாற்றம் என்றேனோ அதேதான். பிள்ளைகள் கை பட்டுப் பட்டு அது குறைந்துகொண்டே வருகிறது. கோணல் துண்டில்தான் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதுவும் போய்விட்டால் இவளுக்கு என்ன கொடுப்பேன்?

காவல்காரர் வேலைக்கு இன்னும் ஆள் வைக்கவில்லை.

உங்கள் அன்னம்மாள்


ஆம்பூர்
1918 டிசம்பர் 19

அன்னம்மாவுக்கு, சாமுவேல் சொல்லி எழுதுறது.

உன் கடுதாசிய பாய் படிச்சார். நடுவுல நிறுத்திட்டுக் கண்ணாடியத் தொடச்சார். அப்புறம், "சாமுவேலு, இதுக்கு மாட்டுக் கதை கீட்டுக் கதை சொன்னியோ, எழுதமாட்டேன்"னார். சொல்ல மாட்டேன் பாய்ன்னேன்.

கேட்டு தொறந்து வுடுறேன். உன் ஸ்கூல் கேட்டுதானே. தொறக்கிறேன், மூடுறேன். மிஸ்ஸியம்மாகிட்ட சொல்லிடு.

டேனரியில சொல்லிட்டேன். கத்திய ரஃபி அகமதுகிட்ட குடுத்துட்டேன். அந்த டம்ளர ஹலீமா பீகிட்ட குடுத்தேன். கழுவிக் கவுத்தாங்க. நான் பாக்கல. வெளியில நின்னேன்.

பித்தளைத் தட்டக் கவுத்துப் போட்டு இன்னொரு கால் வட்டம் வெட்டினேன். உன் வகுப்புல ஒண்ணு கம்மியா இருக்குதேன்னு. இது வேற ஆட்டுத் தோலு, நெறம் சேரல. இத எடுத்தாரல. அந்த எடம் காலியாவே இருக்கட்டும்.

சுந்தரி சரி சரின்னு சொல்றான்னு எழுதியிருந்த. நான் வந்ததும் எதனா ஒண்ணு தப்பாச் சொல்றேன். ஒரு காலும் ஒரு காலும் முக்கால்னு சொல்றேன். கொஞ்ச நாள் சரிம்பா. ஒரு நாள் இல்லப்பான்னு சொல்லுவா. அதுவரைக்கும் தப்பாவே சொல்லிகினு இருக்கேன். எனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்ல.

மரியம்மாவுக்குன்னு ஒரு நீலத் துணி எடுத்து வச்சிருக்கியாம். சுந்தரி அன்னிக்கு எங்கிட்ட சொன்னா. அத யாருக்கும் குடுத்துடாத. நானும் ஒரு தடவ பாக்கணும்.

சனிக்கிழமை ரயில்ல ஏறி, வேலூர்லேர்ந்து நடந்து வந்துர்றேன். வந்து நிக்கும்போது மூக்கச் சுளிக்காத. முன்னெல்லாம் குளிச்சிட்டு வாங்கன்னு சொல்லுவ. நானும் தேச்சுத் தேச்சுக் குளிப்பேன். நேத்து கடைசியா குழியில எறங்கி வேல செஞ்ச சட்டைய அப்படியே மேல போட்டுகினு வர்றேன். தண்ணி படாம வர்றேன்.

சாமுவேல்